இணையத்தில் கார்டால் காசு கட்டுவோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் அச்சு, வடிவமைப்பு வேலை செய்யும் சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை, இப்போது கொஞ்சம் இணையத்தள வேலையும். இதற்கு வேண்டிய மென்பொருள், எழுத்துரு, இணையத்தள வாடகை எல்லாமே வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு மாதாமாதம் கார்டால் கட்டுபவை. அதனால் அயலில் யாருக்காவது இணையத்தில் காசு கட்ட வேண்டி வந்தால் என் கடைப் படிதான் ஏறுவார்கள். வந்தாறுமூலையில் படிக்கும் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், களுவாஞ்சிக்குடியிலிருந்து வரும் தம்பிக்கு ஐஈஎல்டிஎஸ் பரீட்சைக் கட்டணம், கல்முனையில் ஒருவருக்கு ஸூம் வகுப்பு என்று ஆளுக்கு ஒரு தேவை. கேள்விகள் மட்டும் ஒன்றுதான். பதில்களை எழுதி வைத்தால் கடைக்கு வர முடியாதவர்களுக்கும் உதவும் என்று நினைத்தேன்.

கார்ட் எண்ணை இணையத்தில் போட்டாலே ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

கார்ட் எண்ணை இரகசியம் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 16 இலக்கங்களில் முதல் ஆறு அல்லது எட்டு, எந்த வங்கியின் எந்த வகைக் கார்ட் என்று சொல்பவை. 4 இல் தொடங்கினால் விசா, 5 அல்லது 2 இல் தொடங்கினால் மாஸ்டர்கார்ட். கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்புக் கணக்கில் வருவது. ஐபிஎம் கொம்பனியில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1950களில் உருவாக்கிய கணக்கு அது. தட்டச்சுப் பிழையைப் பிடிக்க உதவும், திருடனைப் பிடிக்காது. ஆக, உங்களுக்கென்று தனியாக இருப்பது நடுவில் உள்ள சில இலக்கங்கள்தான். சாப்பாட்டுக் கடையில் கார்டைக் கொடுக்கும்போது அதையும் நாலு பேர் பார்க்கிறார்கள்.

மிச்சம் இருப்பவை காலாவதித் திகதியும் பின்பக்கத்து மூன்று இலக்கமும். அந்த மூன்றைச் சிவிவி என்பார்கள். எண், திகதி, சிவிவி மூன்றும் ஒருவன் கையில் இருந்தால் பல வெளிநாட்டுத் தளங்களில் அவன் பொருள் வாங்கிவிடலாம். சில தளங்கள் சிவிவியைக்கூடக் கேட்பதில்லை.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கார்ட் விபரம் எப்போதாவது ஒருநாள் வெளியே போகத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள் என்கிறேன். போனாலும் பெரிய தொகை எடுக்க முடியாதபடி கார்டை வைத்திருக்க வேண்டும், எடுத்தால் உடனே தெரிய வேண்டும், தெரிந்ததும் தாமதிக்காமல் வங்கிக்குச் சொல்ல வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

ஓடிபி (வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறை எண்) வந்தால்தானே காசு போகும்? ஓடிபியை நான் கொடுக்காவிட்டால் சரிதானே?

இல்லை. மட்டக்களப்பில் நான் சந்திக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் நம்புகிறார்கள்.

ஓடிபி கேட்கும் முறை 2001 இல் விசா கொண்டுவந்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது. பின்னர் மாஸ்டர்கார்டும் எடுத்துக்கொண்டது. நீங்கள் காசு கட்டும்போது தளம் உங்களை உங்கள் வங்கியின் பக்கத்துக்கு அனுப்பும், வங்கி போனுக்கு எண் அனுப்பும், நீங்கள் அதை அடிப்பீர்கள். நம் நாட்டுத் தளங்களில் பெரும்பாலும் இப்படி நடக்கும். ஆனால் இந்தப் படியை வைப்பதா விடுவதா என்பதை விற்பவரே தீர்மானிக்கக்கூடிய நாடுகள் பல உண்டு. அங்குள்ள தளங்கள் வாடிக்கையாளர் அலுத்துப் போய்விடுவார் என்று அதை விட்டுவிடுகின்றன. உங்களுக்கு ஓடிபி வராது. காசு போன மெசேஜ் மட்டும் வரும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஓடிபி கேட்காமல் எடுத்த காசுக்கு, இது நான் செய்ததல்ல என்று நீங்கள் வங்கியில் தகராறு எழுப்பினால், பொதுவாக நட்டம் விற்றவர் தலையில் விழும். ஓடிபி போட்டு நடந்த கொடுக்கல் வாங்கலில், "நீங்களே அனுமதித்திருக்கிறீர்களே" என்று வங்கி சொல்லும். அதற்குப் பிறகு வாதாடுவது மிகவும் கடினம். ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து மாதிரி. வங்கியிலிருந்து கதைக்கிறோம் என்று யார் எடுத்தாலும் அதை வாசித்துக் காட்டக் கூடாது. வங்கிக்காரருக்கு அது தேவையே இல்லை.

கையெழுத்துப் போடுமுன் தாளை வாசிப்போம் அல்லவா? ஓடிபி மெசேஜையும் அப்படி வாசியுங்கள். காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா போனோடு வந்தார். தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு மெசேஜ். முகவரி பிழை, பொதி நிற்கிறது, 85 ரூபாய் கட்டினால் அனுப்புவோம் என்று இருந்தது. மகனுக்குப் பொதி வரவேண்டியும் இருந்திருக்கிறது. இணைப்பைத் தட்டி, கார்ட் விபரத்தைப் போட்டு, ஓடிபியையும் போட்டுவிட்டார். நான் அந்த ஓடிபி மெசேஜைத் திறந்து பார்த்தேன். ஆறு இலக்க எண்ணுக்கு மேல் வரியில் 285 டொலர் என்று தெளிவாக இருந்தது, கேள்விப்படாத ஒரு கடைப் பெயரும் இருந்தது. ராத்தா அதைப் பார்க்கவே இல்லை. எப்படிப் பார்ப்பார்? இப்போதைய போன்களில் மெசேஜைத் திறக்காமலே விசைப்பலகைக்கு மேல் அந்த ஆறு இலக்கமும் வந்து நிற்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போய்விடும். வசதிதான். ஆனால் தொகையும் கடைப் பெயரும் அந்த வசதியில் மறைந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் மெசேஜைத் திறந்து, தொகை, நாணயம், பெயர் மூன்றையும் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

இப்படிப்பட்ட பொதி மெசேஜ்கள் பற்றித் தபால் திணைக்களமே எச்சரித்திருக்கிறது.

கடனட்டை நல்லதா, டெபிட் கார்ட் நல்லதா?

இணையத்துக்குக் கடனட்டை. கடன் வாங்குவது பிழை என்று வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் இந்தப் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. காரணத்தைக் கேளுங்கள். கடனட்டையில் களவு போனால் போவது வங்கியின் காசு, தகராறு தீரும் வரை சண்டை அவர்களுக்கும் விற்றவருக்கும் இடையில். டெபிட் கார்டில் களவு போனால் உங்கள் கணக்கு காலி. விசாரணை முடியும் வரை அரிசி வாங்கவும் காசில்லாமல் நீங்கள் நிற்க வேண்டும்.

கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ மகன் அனுப்பும் காசு வந்து விழும் கணக்கின் டெபிட் கார்டை எந்தத் தளத்திலும் போடாதீர்கள். ஒரு வருடச் சேமிப்பு அதில் கிடக்கும். கடனட்டை இல்லாதவர்கள் இரண்டாவது கணக்கு ஒன்று திறந்து அதற்கு ஒரு டெபிட் கார்ட் எடுங்கள். அதில் வெறும் ஆயிரம் ரூபாய் இருக்கட்டும். கட்ட வேண்டிய நாளில் பெரிய கணக்கிலிருந்து வேண்டிய தொகையை மட்டும் மாற்றி, கட்டி முடியுங்கள். என் தங்கச்சி இப்படித்தான் செய்கிறாள். இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கடனட்டை எடுப்பவர்கள், வங்கி எவ்வளவு எல்லை தந்தாலும் குறைக்கச் சொல்லுங்கள். "உங்களுக்கு மூன்று இலட்சம் தரலாம்" என்று சொல்லும்போது பெருமையாக இருக்கும். இணையத்துக்கு மாதம் 15,000 போதும் என்றால் 30,000 எல்லையுள்ள தனிக் கார்டே போதும். பல வங்கிகளின் செயலியில் இணையக் கொடுப்பனவை நிறுத்தி வைக்கவும் தேவைப்படும்போது திறக்கவும் பொத்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் தனிப் பொத்தானும் சிலவற்றில் உண்டு. உங்கள் செயலியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

என்னிடம் கார்ட் இல்லை. கொமினிகேஷன் கடையில் கொடுத்துக் கட்டலாமா? அல்லது வெளிநாட்டிலுள்ள அண்ணாவின் கார்டை வாட்ஸ்அப்பில் வாங்கலாமா?

முதல் கேள்விக்கு: கடைக்காரரின் கார்டால் அவர் கட்டி, நீங்கள் காசைக் கையில் கொடுப்பது உங்களுக்குப் பாதுகாப்பானது. பற்றுச்சீட்டு உங்கள் மின்னஞ்சலுக்கு வந்ததா என்று அங்கேயே நின்று பாருங்கள். உங்கள் சொந்தக் கார்டை அங்கே கொடுப்பதென்றால் கதை வேறு.

ஒருமுறை ஒரு கடையில் நகல் எடுக்கப் போனேன். மேசையில் கெட்டி அட்டை போட்ட கொப்பி ஒன்று திறந்து கிடந்தது. இடப்பக்கம் பெயர்களும் தொலைபேசி எண்களும், வலப்பக்கம் கார்ட் எண், திகதி, சிவிவி. நீல மையில் அழகான கையெழுத்து. அடுத்த தவணைக்கு ஆட்கள் மறுபடி வரும்போது லேசாக இருக்கும் என்று அந்தப் பையன் எழுதி வைத்திருக்கிறான். அவன் ஒரு சதம் எடுத்திருக்க மாட்டான், எனக்கு அவனைத் தெரியும். ஆனால் அந்தக் கொப்பியை யார் வேண்டுமானாலும் போனில் படம் பிடித்திருக்கலாம். உங்கள் கார்டை நீங்களே கையில் வைத்து, நீங்களே அடியுங்கள். உலாவி "இந்தக் கார்டைச் சேமிக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்ததும் உங்கள் மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட்டு எழும்புங்கள்.

அண்ணாவின் கார்டைப் பொறுத்தவரை, இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புவது நம் குடும்பங்களில் மிகச் சாதாரணம். அந்தப் படம் அண்ணாவின் போனில், உங்கள் போனில், இருவரின் சேமிப்பகங்களிலும் கிடக்கும். போனைத் திருத்தக் கொடுக்கும்போது கூடவே போகும். அதற்குப் பதிலாக, கட்டும் பக்கத்தின் இணைப்பை அண்ணாவுக்கு அனுப்புங்கள், அவரே கட்டட்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களும் பரீட்சைத் தளங்களும் வேறொருவர் கட்டுவதை ஏற்கின்றன. முடியாவிட்டால் வீடியோ அழைப்பு எடுத்து, அவர் சொல்லச் சொல்ல அடியுங்கள், எழுதி வைக்காதீர்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் தளம் நல்லதுதானே?

உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் எழுத்துகளை வேறு யாரும் வாசிக்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. அந்தப் பக்கம் இருப்பவன் யார் என்று பூட்டு சொல்லாது. கள்ளத் தளங்களுக்கும் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது.

முகவரியைப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் https:// ஐ விட்டுவிட்டு, அடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். இலங்கை அரச திணைக்களம் என்றால் அந்த இடம் ஜிஓவி, புள்ளி, எல்கே என்று முடியும். தபால், வங்கி என்ற சொற்கள் முகவரியின் தொடக்கத்தில் எத்தனை தடவை வந்தாலும், முடிவில் கேள்விப்படாத ஒன்று இருந்தால் அது வேறு ஆளின் வீடு. மெசேஜில் வந்த இணைப்பைத் தட்டாமல், தளத்தின் பெயரை நீங்களே அடித்துப் போவது இன்னும் நல்லது.

உண்மையான பெரிய கொம்பனியின் தளம் என்றால் பயமில்லைதானே?

2018 இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்துக்குள் யாரோ 22 வரி நிரல் ஒன்றைச் செருகிவிட்டார்கள். ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை அங்கே டிக்கெட் வாங்கியவர்கள் சரியான முகவரிக்குத்தான் போனார்கள், டிக்கெட்டும் கிடைத்தது. ஆனால் அடித்த கார்ட் எண், சிவிவி எல்லாம் திருடனுக்கும் ஒரு பிரதி போனது. இலட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். 2020 இல் பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம் 2 கோடி பவுண் அபராதம் போட்டது. வாங்கியவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் குறைந்த எல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தளத்தில் கார்டைச் சேமித்து வைக்கலாமா?

மாதாமாதம் கட்டும் இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம், மற்ற இடங்களில் வேண்டாம். சேமித்தால் அந்தத் தளத்தின் கடவுச்சொல்தான் உங்கள் கார்டின் திறப்பு. அந்தக் கடவுச்சொல்லை மாற்ற மின்னஞ்சல் போதும் என்பதால், மின்னஞ்சல் எல்லாத் திறப்புக்கும் திறப்பு. மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதியும் கேட்கும் இரண்டாம் படிப் பாதுகாப்புப் போடாமல் கார்டைச் சேமிக்காதீர்கள்.

"ஏழு நாள் இலவசம்" என்று கார்ட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இது எனக்கே நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீடியோ வெட்டும் சேவை ஒன்று. ஏழு நாள் இலவசம், அப்புறம் மாதம் பத்து டொலர் என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டி வீடியோவுக்காகச் சேர்ந்தேன். வேலை முடிந்ததும் செயலியை போனிலிருந்து அழித்துவிட்டேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எட்டாம் நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு மெசேஜ் வந்தது: 120 டொலர். வருடத்துக்கும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். "மாதம் பத்து, வருடமாகக் கட்டப்படும்" என்று பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. மூன்று மின்னஞ்சல் எழுதினேன், மூன்றுக்கும் ஒரே பதில்தான். வங்கியில் தகராறு போட்டேன். நான் ஒப்புக்கொண்ட நிபந்தனையை அவர்கள் அனுப்பிவிட்டார்கள், தோற்றேன். அந்த மாதம் கடை வாடகைக்குக் கைமாற்று வாங்க வேண்டி வந்தது.

அன்றிலிருந்து செய்வது இது. சேரும் அன்றே ரத்துச் செய்துவிடுவேன். பெரும்பாலான சேவைகள் ரத்துச் செய்த பிறகும் இலவச நாட்கள் முடியும் வரை வேலை செய்ய விடும். ரத்தானதற்கான மின்னஞ்சலை அழிக்க மாட்டேன், திரையைப் படமும் எடுத்து வைப்பேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு கொம்பனி, ரத்துச் செய்த பிறகும் காசு எடுத்தது. அந்த ஒற்றை மின்னஞ்சலை வங்கிக்கு அனுப்பினேன், காசு திரும்பி வந்தது.

செயலியை அழிப்பது சந்தாவை நிறுத்தாது. கார்டை மாற்றினாலும் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் புதிய எண்ணைப் பழைய சந்தாக் கொம்பனிகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் புதிய கார்டிலிருந்தும் எடுப்பார்கள்.

ரூபாயில் கட்டவா டொலரில் கட்டவா என்று தளம் கேட்டால்?

பெரும்பாலும் டொலர். ரூபாயில் காட்டும்போது மாற்று விகிதத்தை விற்பவர் தரப்பே போடும், அது பெரும்பாலும் வங்கி விகிதத்தைவிட மோசமாக இருக்கும். டொலரில் கட்டினால் கணக்கில் பதியும் நாளின் வங்கி விகிதம் விழும், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான கட்டணங்களும் சேரும். ஆகவே மெசேஜில் வந்த தொகையும் மாத அறிக்கையில் உள்ள தொகையும் கொஞ்சம் வேறுபட்டால் களவு என்று பதறாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது நினைவிருக்கும். பத்து டொலர்ச் சந்தா இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து அறுநூறு ஆனது. பாவிக்காத சந்தாக்களை எங்களில் பலர் அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம்.

ஒரு டொலர் மட்டும் போயிருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

நீங்கள் அன்று எங்காவது புதிதாகக் கார்டைப் பதிந்திருந்தால், கார்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் தற்காலிகப் பிடிப்பு அது, சில நாளில் விடுபடும். எங்கும் பதியவில்லை என்றால், சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். திருடிய எண் வேலை செய்கிறதா என்று திருடர்களும் சின்னத் தொகை எடுத்துத்தான் பார்ப்பார்கள். உடனே கார்டை நிறுத்துங்கள்.

பழைய மோட்டார் சைக்கிள் விற்க விளம்பரம் போட்டேன். வாங்குபவர் காசு போட என் கார்ட் எண்ணும் சிவிவியும் கேட்கிறார்.

கள்ளன். காசு பெறுவதற்கு வங்கிப் பெயர், கிளை, கணக்கு எண், உங்கள் பெயர் போதும். கார்ட் எண்ணும் சிவிவியும் ஓடிபியும் சேர்ந்து காசு வெளியே போகத்தான். பொதிச் சேவையின் பெயரில் "காசைப் பெற இங்கே தட்டவும்" என்று இணைப்பு அனுப்புவதும் இதே கூட்டம். உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவிடும் எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் திரையைக் காட்டச் சொன்னாலும் அழைப்பைத் துண்டியுங்கள். உங்கள் திரை தெரிந்தால் ஓடிபியும் தெரியும்.

அறுகம்பேயில் சின்ன விடுதி வைத்திருக்கிறோம். வெளிநாட்டு விருந்தினர் கார்ட் விபரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்று அவர்களிடமே சொல்லுங்கள். கார்டை ஏற்பவர் கொடுப்பனவு முடிந்த பின் சிவிவியை எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்பது கார்ட் உலகம் முழுவதற்கும் பொதுவான பாதுகாப்பு விதி. நாளைக்கு அவர் கார்டில் எங்கோ களவு நடந்தால் சந்தேகம் உங்கள் விடுதி மேல் வரும். உங்கள் வங்கியிடம் கொடுப்பனவு இணைப்பு வசதி கேளுங்கள், விருந்தினர் அதில் தானே கட்டுவார்.

இன்னொன்றும் கவனியுங்கள். விடுதிப் பதிவுத் தளங்களின் கணக்குகளைத் திருடி, அங்கிருந்தே விருந்தினருக்கு "உங்கள் கார்டை மறுபடி உறுதி செய்யுங்கள்" என்று மெசேஜ் அனுப்பும் மோசடி சில வருடங்களாக உலகெங்கும் நடக்கிறது. முதலில் விடுதிக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் வரும், விருந்தினர் முறைப்பாடு, இணைப்பைத் திறக்கவும் என்று. சீசனில் கை ஓயாத நேரம் பார்த்து வரும். திறந்தால் கடவுச்சொல் போய்விடும். வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மகன் என் போனில் ஃப்ரீ ஃபயர் விளையாடி 18,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டான்.

அடிக்காதீர்கள், முதலில் கூகுள் பிளேயில் ரிஃபன்ட் கேளுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி அமைப்பை மாற்றுங்கள். வங்கியில் "நான் வாங்கவில்லை" என்று போய்ச் சொல்ல வேண்டாம். வாங்கியது உங்கள் போனிலிருந்துதான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

காசு போய்விட்டது. இப்போது, இந்த நிமிடம், என்ன செய்ய?

செயலியில் கார்டை முடக்குங்கள். செயலி இல்லாவிட்டால் கார்டின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். கூகுளில் வங்கியின் எண்ணைத் தேடாதீர்கள், அங்கேயும் கள்ள எண்கள் இருக்கின்றன. கார்டின் பின்பக்க எண்ணை இன்றே போனில் சேமித்தால், கார்ட் தொலைந்தாலும் அழைக்கலாம். கதைத்தவரின் பெயர், நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். மெசேஜ்கள், இணைப்பு, அழைப்புப் பட்டியல் எதையும் அழிக்காமல் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

அன்றைக்கோ மறுநாளோ கிளைக்குப் போய் எழுத்தில் தகராறு கொடுங்கள். "சார்ஜ்பேக் போடுங்கள்" என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். உங்கள் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்ட் வழியாக, விற்றவரின் வங்கியிடமிருந்து காசைத் திருப்பிக் கேட்கும் நடைமுறை அது. டெபிட் கார்டுக்கும் உண்டு. அந்த வலையமைப்புகளின் விதியில் பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள் வரை இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் வங்கியின் நிபந்தனையில் அறிக்கை வந்து இத்தனை நாளுக்குள் என்று அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதனால் 120 ஐ நம்பி ஆறுதலாக இருக்க வேண்டாம். காசு வாங்கிவிட்டுச் சேவை தராதவர் என்றால் முதலில் அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அந்த மின்னஞ்சலும் அவரது பதிலும் சான்று. பதில் இல்லாததும் சான்றுதான்.

கடனட்டை என்றால் தகராறு முடியும் வரை அந்தத் தொகையைக் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மிச்சத் தொகையைத் திகதிக்குள் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வட்டி தனியாக ஓடும்.

பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு பதிந்து பிரதி எடுங்கள். 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதனங்கள் மோசடிகள் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கின்றன. இணையப் பாதுகாப்பு உதவிக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம் உண்டு.

அந்தக் காத்தான்குடி ராத்தா என்னிடம் வந்தது காசு போய் இரண்டு நாள் கழித்து. அந்த இரண்டு நாளில் அதே கார்டிலிருந்து இன்னும் இரண்டு தடவை எடுத்திருந்தார்கள், அவற்றுக்கு ஓடிபியும் வரவில்லை. ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் ஏசுவார் என்று பயம், தம்பி" என்றார். வீட்டிலுள்ள ஆண்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஏமாந்து வந்தவரை முதல் நாள் ஏசாதீர்கள். பின்னுக்குப் போன அந்த இரண்டு தொகையும் ஓடிபி இல்லாதவை என்பதால் தகராறில் திரும்பி வந்தன, 285 டொலர் வரவில்லை.

வங்கி முடியாது என்று சொல்லிவிட்டால்?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம், தொலைபேசி 1935. முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், அதனால்தான் பிரதிகளைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். நிதியியல் குறைகேள் அதிகாரி என்று தனியாகவும் ஒருவர் இருக்கிறார். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. திகதி, தொகை, நடந்தது, கேட்பது என்ற நாலும் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும்.

வெளிநாடு போகிறேன். இலங்கை சிம்மை விட்டுவிட்டால் பரவாயில்லையா?

விடாதீர்கள். ஓடிபியும் காசு போகும் மெசேஜும் அந்த எண்ணுக்குத்தான் வரும். நீண்ட நாள் பாவிக்காத எண்ணைத் தொலைபேசிக் கொம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அதன் பிறகு உங்கள் ஓடிபி அவர் போனில் விழும். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சிம்மைக் கொடுத்து அவ்வப்போது ரீலோட் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அல்லது போகுமுன் கிளைக்குப் போய் எண்ணை மாற்றி, மெசேஜ்களை மின்னஞ்சலுக்கும் அனுப்பும் வசதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பின் மாற்றுவதென்றால் தூதரகம், கையொப்ப உறுதி என்று அலைய வேண்டி வரலாம். விமான டிக்கெட் எடுத்த அன்றைக்கே இதையும் செய்துவிடுங்கள்.